நேற்று புதுப்பிக்கப்பட்ட பக்கம்

எங்கள் வீட்டு பீரோவின் மேல் ஒரு சுருள் இருக்கிறது. பன்னிரண்டு சார்ட் பேப்பர்களை ஒன்றாகச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டது. விரித்தால் கட்டம் கட்டமாகத் தங்க நிற ஸ்டார்கள். சின்னப் பிள்ளைகளின் நோட்டில் டீச்சர்கள் ஒட்டுவார்களே, அதே ஸ்டார்தான். அவை எனக்கு நாற்பத்து மூன்று வயதில் கிடைத்தன. பன்னிரண்டாவது தாளின் நடுவில் ஒட்டுவது நின்றுபோகிறது. மீதிக் கட்டங்கள் காலி.

நான் ஆரம்ப சூரன். என் வீட்டில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள், கேட்காவிட்டாலும் சொல்வார்கள். கீபோர்டு கிளாஸ் மூன்று வாரம் போனேன். மீன்தொட்டி இரண்டு மாதம் இருந்தது, மீன்களின் ஆயுள் அவ்வளவுதான். புது ஷூ வாங்கி அல்சூர் ஏரியைச் சுற்றி நடந்தேன், ஷூ அழுக்காவதற்குள் நிறுத்திவிட்டேன். ஆனேக்கல்லில் இருக்கும் என் அக்கா, "என் தம்பி தேர நல்லா இழுப்பான். தெருவுல வுட்டுட்டு வந்துடுவான், அவ்ளோதான்" என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். நானும் சேர்ந்து சிரிப்பேன். உண்மையைச் சொன்னால் சிரிக்காமல் என்ன செய்வது.

பதினான்கு வருடம் விடாமல் செய்தது ஒரே வேலை. ஒரு கம்பெனியில் உட்கார்ந்து மற்றவர்களின் வெப்சைட்டுகளுக்குக் கட்டுரை எழுதிக்கொடுத்தேன். முடி எண்ணெய், கார் இன்ஷூரன்ஸ், மெத்தை, எதைக் கொடுத்தாலும் எழுதுவேன். ஆள்கள் எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுகிறார்களோ அந்தச் சொல் கட்டுரையில் சரியான இடத்தில் இருக்க வேண்டும். தேடினால் முதல் பக்கத்தில் அது வந்து நிற்க வேண்டும். அதுதான் தொழில். இனிமேல் இதையெல்லாம் இயந்திரமே எழுதிக்கொள்ளும் என்று ஒரு வெள்ளிக்கிழமை எங்களை மொத்தமாக அனுப்பிவிட்டார்கள். ஜோகுபாளையத்தில் ஒரு அறையும் சமையலறையும் உள்ள வீட்டில் நான் இரண்டு மாதம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

எழுப்பி உட்கார வைத்தவள் என் மனைவி. அவள் பக்கத்துப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு டீச்சர். "அடுத்தவங்க சைட்டுக்கு எழுதினீங்க இல்ல, நமக்குன்னு ஒண்ணு எழுதுங்களேன்" என்றாள். அப்படி ஆரம்பித்ததுதான் எங்கள் தமிழ் சைட். இந்த ஊரில் கன்னடம் பேசத் தெரிந்து படிக்கத் தெரியாத தமிழர்கள் ஏராளம். எந்த பஸ் எங்கிருந்து, எந்தச் சான்றிதழுக்கு எந்த ஆபீஸ், எத்தனை ஜெராக்ஸ், எந்தக் கவுன்டர், எத்தனை மணி வரை. எல்லாவற்றையும் அவர்களுக்குப் புரிகிற தமிழில் எழுதுவது என்று முடிவு செய்தோம். அக்காவே அப்படி ஒருத்திதான். கன்னடத்தில் சண்டை போட்டு ஜெயித்துவிடுவாள், போர்டைப் படிக்கச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஆரம்பிப்பதில் எனக்குக் குறையே இருந்ததில்லை என்பது மனைவிக்குத் தெரியும். அதனால் ஜனவரி முதல் தேதி ஒரு சார்ட் பேப்பரை சமையலறைச் சுவரில் ஒட்டினாள். வகுப்பில் செய்வது போல ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு முப்பத்தொரு கட்டம். தலைப்பில் என் பெயர், பக்கத்தில் ஒரு பூ. காலை எட்டு மணிக்கு நான் உட்கார வேண்டும். இன்று மக்கள் எதைத் தேடுகிறார்கள் என்று பார்த்து ஒரு தேடுசொல்லைப் பிடிக்க வேண்டும். அதற்கு ஒரு புதுப் பக்கம் எழுத வேண்டும். பழைய பக்கம் ஒன்றை எடுத்து, அதில் உள்ளது இன்னும் சரிதானா என்று விசாரித்துப் புதுப்பிக்க வேண்டும். வாசகர் ஒருவருக்காவது பதில் போட வேண்டும். கடைசியாக, எந்தப் பக்கம் தேடலில் எத்தனையாவது இடத்தில் நிற்கிறது என்று நோட்டில் குறிக்க வேண்டும். ஐந்தும் முடித்தால் சாயங்காலம் ஒரு ஸ்டார்.

"நாலு முடிச்சா அரை ஸ்டார் உண்டா?" என்று கேட்டேன்.

"என் கிளாஸ்ல அரை ஸ்டார் கிடையாது" என்றாள்.

தினமும் பள்ளியிலிருந்து வந்ததும் கைப்பையைக்கூட இறக்காமல், "ஏங்க, முடிச்சீங்களா?" என்பாள். முடித்தேன் என்றால் பையிலிருந்து ஸ்டார் தாளை எடுத்து ஒன்றை உரித்து ஒட்டி, கட்டைவிரலால் இரண்டு முறை அழுத்துவாள். ஒருநாளும் சரிபார்த்ததில்லை. ஏழு வயதுப் பிள்ளைகளை நம்பிப் பழகியவள் புருஷனை நம்பமாட்டாளா?

முதல் மூன்று மாதம் நான் ஒழுங்காகத்தான் இருந்தேன். ஒழுங்காக இருக்க எனக்குத் தெரிந்திருக்கிறது. எழுதுவதற்கு முன் ஆபீஸ் படிக்கட்டு ஏறுவேன். வாசலில் வாட்ச்மேனிடம் பேச்சுக் கொடுப்பேன். ஜெராக்ஸ் இரண்டு பக்கமும் வேண்டுமா ஒரு பக்கம் போதுமா என்று கேட்பதற்காக ஒரு மணி நேரம் வரிசையில் நின்றிருக்கிறேன். பிப்ரவரியில் அரசு மாணவியர் விடுதியைப் பற்றி எழுதியதும் அப்படித்தான். சான்றிதழ் சரிபார்க்கும் ஆபீஸின் இரண்டாவது மாடிக்கு ஏறிப்போய் அங்கிருந்த அம்மாவிடம் கேட்டு, பத்து மணி முதல் ஐந்து மணி வரை, டோக்கன் கிடையாது, ஒரிஜினலும் இரண்டு காப்பியும் என்று எழுதினேன். எழுதிய அன்று ஒவ்வொரு வரியும் உண்மை.

ஏப்ரலில் எனக்கு நல்ல இருமல். மாலை நான்கு மணி ஆகிவிட்டது, நான்கு வேலை முடிந்திருந்தது, பழைய பக்கம் புதுப்பிப்பது மட்டும் பாக்கி. வெளியே போக உடம்பு இடம் கொடுக்கவில்லை. ஒரு பஸ் பக்கத்தைத் திறந்தேன். 'செல்லும்' என்றிருந்ததைப் 'போகும்' என்று மாற்றினேன், தேதியை அன்றைய தேதியாக்கினேன், சேமித்துவிட்டேன். பக்கத்தின் தலையில் 'இன்று புதுப்பிக்கப்பட்டது' என்று வந்தது. அரை நிமிட வேலை. சாயங்காலம் ஸ்டார் கிடைத்தது.

ஒரு வாரத்தில் அந்தப் பக்கம் தேடலில் பதினோராவது இடத்திலிருந்து நான்காவது இடத்துக்கு வந்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. படிக்கட்டு ஏறிப் புதுப்பித்த பக்கங்கள் நகராமல் கிடக்க, ஒரு சொல்லை மாற்றித் தேதி போட்ட பக்கம் மேலே போகிறது! கம்பெனியில் இந்த வித்தையைக் கேள்விப்பட்டிருக்கிறேன். மெத்தைக்கும் முடி எண்ணெய்க்கும் நாங்களே செய்திருக்கிறோம். மெத்தை நேற்று இருந்த மாதிரிதான் இன்றும் இருக்கும், யாருக்கும் நஷ்டமில்லை. ஆபீஸ் அப்படி இல்லை என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை என்று சொன்னால் அது பொய். தோன்றியது, தள்ளிவிட்டேன்.

அதன் பிறகு நான் வெளியே போய் விசாரிப்பது அபூர்வமாகிவிட்டது. காலைப் பழக்கம் என்பது காபி குடிப்பது போலத்தானே. கை தானாகப் போகும். ஒரு பக்கம் திற, ஒரு சொல்லை மாற்று, தேதி போடு. வாசகருக்குப் பதில் போடுவதிலும் சுலபமான ஆளாகப் பார்த்துப் பிடிப்பேன். 'நன்றி சார்' என்று யாராவது எழுதியிருந்தால் 'மகிழ்ச்சி' என்று ஒரு சொல் போட்டு அன்றைய கணக்கைத் தீர்த்துவிடுவேன். ஐந்து வேலையும் பதினொன்றரைக்குள் முடிந்துவிடும். சுவரில் ஸ்டார்கள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. வீட்டுக்கு வருகிறவர்களிடம் மனைவி அதைக் காட்டுவாள்.

அக்காவுக்கு அந்த நாட்களில் ஒரு சட்டம் போட்டிருந்தேன். அவள் எதற்கெடுத்தாலும் காலையில் போன் செய்வாள். ரேஷன் கார்டில் பெயர் திருத்த எங்கே போக வேண்டும், இந்த பஸ் நிற்குமா நிற்காதா. ஒருநாள் எரிச்சலில், "காலைல போன் பண்ணாதக்கா, எனக்கு வேல வரிசை கெட்டுப்போகுது. எல்லாமே நம்ம சைட்ல இருக்கு, பாப்பாவ விட்டுப் படிக்கச் சொல்லு" என்றேன்.

"ஓ, கலெக்டர் ஆயிட்டியா? சரிங்க சார்" என்று சிரித்தாள். அன்றிலிருந்து காலையில் போன் வந்ததில்லை. அவள் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவள்.

பாப்பா என்றால் அவள் மகள். அந்த வருடம் பி.யூ.சி., அதாவது இங்கத்திய பிளஸ் டூ, முடித்திருந்தாள். கணக்கில் கெட்டிக்காரி. பேருந்தில் நம்பர் பிளேட்டுகளைக் கூட்டிக்கொண்டே வருவாள். நகரத்துக்குள் ஒரு கல்லூரியில் கணிதப் பிரிவில் இடம் கிடைத்துவிட்டது. அது காலை எட்டு மணிக்குத் தொடங்குகிற கல்லூரி. ஆனேக்கல்லிலிருந்து தினமும் போய்வருவது நடக்கிற காரியமில்லை, ஹாஸ்டல் கிடைத்தால்தான் படிப்பு என்று அவர்கள் வீட்டில் பேசி முடிவு செய்திருந்தார்கள். ஹாஸ்டல் லிஸ்டில் பெயரும் வந்துவிட்டது. சான்றிதழ்களைக் கொண்டுபோய்க் காட்டி முத்திரை வாங்க வேண்டியது ஒன்றுதான் பாக்கி. ஜாதிச் சான்றிதழ் கைக்கு வரத் தாமதமானதால் கடைசி நாள்தான் போக முடிந்தது.

எனக்கு இது எதுவும் தேதிவாரியாகத் தெரியாது. ஹாஸ்டலுக்குப் போட்டிருக்கிறார்கள் என்று மட்டும் தெரியும். ஜூன் மாதத்தில் எல்லோரும் ஹாஸ்டலைத் தேடுவார்கள் என்று கணக்குப் போட்டு, அந்தக் கடைசி நாளுக்கு முந்தின நாள் காலையில் நான் அந்த விடுதிப் பக்கத்தைத் திறந்தேன். 'கொண்டு செல்லவும்' என்பதைக் 'கையில் எடுத்துச் செல்லவும்' என்று மாற்றினேன். தேதி போட்டேன். அடியில் 'கருத்துகள் 3' என்று இருந்தது. நான் அதைப் பார்த்தேன். அன்றைய பதிலை ஏற்கெனவே போட்டு முடித்திருந்ததால் திறக்கவில்லை.

மறுநாள் மாலை ஐந்தரை மணி இருக்கும். கதவைத் தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தேன். அக்காவும் பாப்பாவும் நின்றிருந்தார்கள். அக்கா சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தாள். பாப்பா பிளாஸ்டிக் ஃபைலை மார்போடு பிடித்துக்கொண்டு சுவர் ஓரமாக நின்றாள். மனைவி அப்போதுதான் பள்ளியிலிருந்து வந்திருந்தாள்.

"சீட்டு போச்சுடா" என்றாள் அக்கா.

காலை ஆறரை பஸ்ஸில் கிளம்பி, ஒன்பதே முக்காலுக்கே இரண்டாவது மாடிக்கு ஏறியிருக்கிறார்கள். கதவு பூட்டியிருந்தது. பத்து மணிக்குத் திறப்பார்கள் என்று படியில் உட்கார்ந்து பத்தேமுக்கால் வரை காத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் பாப்பா கீழே போய், தூணில் ஒட்டியிருந்த கன்னட நோட்டீஸைப் படித்திருக்கிறாள். ஆபீஸ் வேறு கட்டடத்துக்கு மாறிவிட்டது. ஆட்டோ பிடித்து, நெரிசலில் சிக்கி, அங்கே போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டே கால். டோக்கன் பன்னிரண்டோடு முடிந்துவிட்டது.

"முகீதும்மா, முகீதுன்னு, முடிஞ்சுபோச்சுன்னு ஒரே பேச்சு. கையக் காலப் புடிச்சுப் பாத்தேன். நாலு மணி வரைக்கும் அங்கயே நின்னோம். யாராச்சும் மனசு எறங்குவாங்கன்னு பாத்தேன். எறங்கல."

"எனக்கு ஏன்க்கா போன் பண்ணல?" என்றேன்.

"எதுக்குப் பண்றது? ராத்திரியே பாப்பா உன் பக்கத்தப் படிச்சா. நேத்து தேதிதான் போட்டிருந்துச்சு. தம்பி நேத்துதான் போய்ப் பாத்துட்டு வந்திருக்கான், இன்னும் என்னத்தக் கேக்கறதுன்னு வுட்டுட்டேன்."

மேஜையில் லேப்டாப் திறந்தேதான் இருந்தது. நான் குனிந்து அந்த மூன்று கருத்துகளைத் திறந்தேன். முதலாவது மூன்று வாரத்துக்கு முந்தையது. 'சார், இந்த ஆபீஸ் மாறிவிட்டது. புது இடத்தில் பன்னிரண்டு மணி வரைதான் டோக்கன். மாற்றிப் போடுங்கள், பிள்ளைகள் அலைகிறார்கள்.' இரண்டாவது, 'ஆமாம், நானும் அலைந்தேன்.' மூன்றாவதில் ஒரே வரி. 'இதை யாராவது பார்க்கிறீர்களா?'

நான் லேப்டாப்பை மூடினேன். திரும்பி நின்று, "நேத்து நைட்டு மாத்தியிருப்பாங்க. இந்த ஆபீஸ்காரங்களே இப்படித்தான், சொல்லாம கொள்ளாம மாத்திடுவாங்க" என்றேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நான் மறைத்தேன். பாப்பா என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, மனைவி கொடுத்த காபியை வாங்கி ஊதிக் குடித்தாள். மனைவி என் பேச்சை அப்படியே நம்பி, முகம் தெரியாத அந்த ஆபீஸை வாய்க்கு வந்தபடி திட்டினாள். பிறகு, "பாப்பா இங்கயே தங்கிப் படிக்கட்டும் அண்ணி, நாங்க ரெண்டு பேர்தானே" என்றாள்.

நான் உடனே ஆமாம் என்று சொல்லியிருக்க வேண்டும். எங்களுக்கு இருப்பது ஒரு அறை. நான் எட்டு மணிக்கு உட்காருவது அங்கேதான். அந்த ஒரு நொடியில் என் மனதில் ஓடியது என் காலை வேலை வரிசைதான். அவ்வளவு நடந்த பிறகும் அதுதான் ஓடியது. அக்கா என் முகத்தைப் பார்த்தாள். "வேணாம்மா, வயசுப் பொண்ணு, வீட்ல இருந்தே போய்ட்டு வரட்டும்" என்றாள்.

சூழ்நிலையை மாற்றலாம் என்று நினைத்தோ என்னவோ, மனைவி ஸ்டார் தாளை எடுத்தாள். "ஏங்க, இன்னிக்கு முடிச்சீங்களா?"

"முடிச்சேன்" என்றேன்.

"இந்தா பாப்பா, இன்னிக்கு நீ ஒட்டு. மாமாவுக்கு உன் கைராசி வரட்டும்."

பாப்பா அக்காவைப் பார்த்தாள். முன்னால் வந்து ஒரு ஸ்டாரை உரித்து அன்றைய கட்டத்தின் நடுவில் சரியாக ஒட்டினாள். கட்டைவிரலால் அழுத்தினாள். அவர்கள் இருட்டுவதற்குள் பஸ் பிடிக்கக் கிளம்பினார்கள். நான் அல்சூர் வரை கூடப் போய் ஏற்றிவிட்டு வந்து, பக்கத்தைத் திருத்தினேன். அந்த மூன்று கருத்துகளையும் அழித்தேன்.

மறுநாள் விடிந்ததும் புது ஆபீஸ் வாசலில் போய் நின்றேன். லிஸ்ட் முந்தின நாள் சாயங்காலமே போய்விட்டது என்றார்கள்.

பாப்பா கல்லூரியை விடவில்லை. ஐந்தேகால் பஸ்ஸில் கிளம்பிப் போய்வந்தாள். சந்தாபுராவில் நின்று, எலெக்ட்ரானிக் சிட்டியில் நின்று, வழியெல்லாம் நின்றபடியே போகும் பஸ். பாதி நாள் முதல் வகுப்பு போய்விடும். முதல் வகுப்புதான் கணக்கு. அக்டோபரில் வருகைப் பதிவு போதவில்லை என்று பரீட்சை எழுத விடவில்லை. அவள் வீட்டுக்கு வந்து புத்தகங்களைப் பையோடு பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டு, அடுத்த வாரம் அத்திபெலேயில் ஒரு கூரியர் ஆபீஸில் பார்சலுக்கு நம்பர் போடும் வேலைக்குச் சேர்ந்தாள். இதை மனைவிதான் எனக்குச் சொன்னாள். அன்றும் என் சுவரில் ஒரு ஸ்டார் ஏறியது.

எனக்கு ஏன் அப்போதே நிறுத்தத் தோன்றவில்லை என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள். சொல்ல வேண்டிவரும். அதனால் நிறுத்தவில்லை. அவ்வளவுதான் காரணம். ஆனால் ஜூனுக்குப் பிறகு வெறும் தேதி மாற்றுவதை விட்டுவிட்டேன். நேரில் பார்த்தால்தான் புதுப்பித்தேன். பல பக்கங்கள் கீழே இறங்கின, பார்க்கும் கூட்டம் குறைந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது எனக்கு நாற்பத்து மூன்று வயதில் தெரியவந்தது. தெரிந்து பாப்பாவுக்கு என்ன லாபம்?

டிசம்பர் நடுவில் ஒரு சனிக்கிழமை மனைவி காலண்டரைப் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு வாரம்தாங்க. வருஷம் முழுக்க ஒருநாள் விடாம செஞ்சிருக்கீங்க! முப்பத்தொண்ணாந்தேதி கேசரி கிண்டறேன். அக்காவையும் பாப்பாவையும் கூப்பிட்டுட்டு வாங்க. கடைசி ஸ்டார பாப்பாதான் ஒட்டணும்" என்றாள்.

மறுநாள் ஆனேக்கல்லுக்குப் போனேன். அக்கா அவரைக்காய்க் கொட்டைகளை ஊற வைத்துப் பிதுக்கிக்கொண்டிருந்தாள். பாப்பா உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள். நானும் எதிரில் உட்கார்ந்து நான்கைந்து கொட்டை பிதுக்கினேன். கேசரியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். வேறு வந்தது.

"அக்கா, அந்த ஆபீஸ் முந்தின நாள் மாறல. மூணு வாரம் முன்னாடியே மாறிட்டுது. சைட்லயே ஆளுங்க எழுதியிருந்தாங்க. நான் படிக்கல. நான் போய்ப் பாக்கவே இல்லக்கா. சும்மா தேதி மட்டும் மாத்திப் போட்டேன்."

அக்காவின் கை நிற்கவில்லை. இன்னொரு கொட்டையைப் பிதுக்கிக் கிண்ணத்தில் போட்டாள்.

"தெரியும்டா" என்றாள்.

நான் நிமிர்ந்து அவளைப் பார்த்தேன்.

"அன்னிக்கே தெரியும். உங்க வீட்டுக்கு வர்ற பஸ்லயே பாப்பா அடியில இருந்தத எல்லாம் படிச்சுக் காமிச்சா. நீயே சொல்லுவன்னு நெனச்சேன்."

"அப்புறம் ஏன்க்கா கேக்கல?"

"என்னத்தக் கேக்கறது? திட்டணும்னுதான் உங்க வீட்டுப் படி ஏறுனேன். உள்ள வந்தா செவுரு நெறைய ஸ்டாரு. சின்ன வயசுல இருந்து பாக்கறேன், எதையும் மூணு மாசத்துக்கு மேல நீ செஞ்சதில்ல. வேல போய் ரெண்டு மாசம் நீ படுத்துக் கெடந்தப்ப உன் பொண்டாட்டி என்கிட்டப் போன்ல அழுதது உனக்குத் தெரியாது. இப்ப அவ மொகத்துல ஒரு சிரிப்பு வந்திருக்கு. அத ஒடைக்க வாய் வரல. ஒட்டுன்னு அவ சொன்னப்ப பாப்பா என்னப் பாத்தா. நான்தான் கண்ணக் காட்டினேன், ஒட்டுன்னு."

எனக்கு அழுகை வந்தது. அழுதேன். அக்கா என்னைத் தேற்றவும் இல்லை, ஏசவும் இல்லை. கொட்டையெல்லாம் பிதுக்கி முடித்துவிட்டு, "அவகிட்ட சொல்லித் தொலைக்காத. தெனம் அவ கையால ஒட்டினது" என்றாள்.

சாயங்காலம் பாப்பா பஸ் ஸ்டாண்ட் வரை என்னோடு வந்தாள். நான் பேச்சுக்கு எதுவும் கிடைக்காமல் போனை எடுத்து எங்கள் சைட்டைப் பார்த்து, "ஆறு பத்துக்கு ஒரு பஸ் இருக்கு" என்றேன்.

"அது எப்பப் பாத்தது மாமா?" என்றாள்.

கோபமாகக் கேட்கவில்லை, குத்திக் காட்டவும் இல்லை. கணக்குப் போடுகிற பெண், விடை சரியா என்று பார்க்கிற மாதிரிதான் கேட்டாள். அவள் போய் டிப்போக்காரரிடம் கேட்டுவிட்டு வந்து, "ஆறு நாப்பதாம் மாமா" என்றாள். அரைமணி நேரம் என்னோடு நின்றாள். "பாப்பா, மாமாவ மன்னிச்சிடு" என்றேன். "பஸ் வருது மாமா, ஏறுங்க, சீட்டு கெடைக்காது" என்றாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பஸ் திரும்பும் வரை அங்கேயேதான் நின்றிருந்தாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி ஸ்டார் தாளோடு வந்தாள். "அக்கா வர்றாங்களா? இன்னிக்கு முடிச்சீங்களா?"

"இல்ல. முடிக்கல" என்றேன். "இனிமே பண்ணப் போறதும் இல்ல. சலிச்சுப் போச்சு."

பதினைந்து நாள்தானே பாக்கி என்று இரண்டு முறை கேட்டாள். பிறகு சிரித்துவிட்டாள். "ஆரம்ப சூரன்னு தெரிஞ்சுதானே கட்டிக்கிட்டேன். பரவாயில்ல விடுங்க, பதினொண்ணரை மாசம் விடாம செஞ்சீங்களே, அதுவே எனக்குப் பெருசு." சார்ட்டைக் கிழியாமல் உரித்தெடுத்து, முந்தைய மாதத் தாள்களோடு சேர்த்துச் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு பீரோ மேல் வைத்தாள்.

பாப்பா அடுத்த வருடம் ஆனேக்கல்லிலேயே பி.காம். சேர்ந்தாள். கணக்குப் பிரிவு அங்கே இல்லை. நன்றாகத்தான் படிக்கிறாள் என்கிறார்கள். சைட்டை நான் இன்னும் நடத்துகிறேன், வாரத்துக்கு இரண்டு பக்கம், பார்த்துவிட்டு வந்து எழுதுவது. வீட்டுக்கு யாராவது வந்தால் மனைவி இப்போதும் பீரோ மேல் கையைக் காட்டி, "பதினொண்ணரை மாசம், ஒருநாள் விடல" என்பாள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அடக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

நான் எதை எழுதினாலும் பிழை திருத்த முதலில் அவளிடம்தான் கொடுப்பேன். டீச்சர் இல்லையா, ஒரு ஒற்றெழுத்து விடமாட்டாள். இதையும் அவளிடம் கொடுக்க வேண்டும். பள்ளிவிட்டு அவள் வரும் நேரம்தான்.